செம்பூர் வரைக்கும் எவ்வளவு மூச்சு?

போன மாதம் என் பழைய டிபார்ட்மெண்டிலிருந்து வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. ஒரு மாணவன் நின்ற இடத்திலேயே சுழலும் சைக்கிளை மிதிக்கிறான். முகத்தில் ஒரு மூடி, முதுகில் டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. அவன் விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாயிற்று என்று பக்கத்திலிருக்கும் போனில் எண் ஓடுகிறது. அனுப்பியவள் ரேவதி. காட்கோபர் பெண், நான் ரிடையர் ஆன பிறகு என் நாற்காலிக்கு வந்தவள். கீழே இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "மேடம், நீங்கள் மூச்சைப் பையில் பிடித்து டாக்ஸியில் கொண்டுவந்தீர்களாமே, நிஜமா?"

நிஜம்தான். அந்தப் பைக்குப் பின்னால் நான் ஓடியிருக்கிறேன், அதுவும் புடவை கட்டிக்கொண்டு. அவளுக்கு இங்கிலீஷில் பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு வரியில் ரிப்போர்ட் மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த படபடப்பு அதில் துளிகூட இல்லை. அதனால் தமிழில் எழுதுகிறேன். ரேவதி எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவள் அம்மா படித்துச் சொல்லட்டும்.

நான் மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. பி.எஸ்ஸி. முடித்து, லேப் டெக்னீஷியன் கோர்ஸ் ஒன்றும் படித்து, ஒரு மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் துறையில் சேர்ந்தேன். முதல் சில வருஷம் கண்ணாடிச் சாமான் கழுவியதும் மாணவர்களுக்கு ரத்த அணு எண்ணக் காட்டியதும்தான். குல்கர்ணி மேடம் துறைத் தலைவராக வந்ததும் எல்லாம் மாறிவிட்டது.

குட்டையான உருவம், பருத்திப் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. ஒரு அளவை எழுதிக்கொண்டு போய் நீட்டினால் உடனே பார்க்க மாட்டார். தாளைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். "எவ்வளவு வரும் என்று நினைத்தாய்?" என்பார். நான் நினைத்ததைச் சொன்ன பிறகுதான் தாள் திரும்பும். நினைத்ததும் வந்ததும் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுவார். வேறாக இருந்தால் முகம் மலர்ந்துவிடும். இரண்டுக்கும் உத்தரவு ஒன்றுதான், "ஃபிர் ஸே". மறுபடியும் எடு. மூன்று தடவை ஒரே மாதிரி வராத எண் அவருக்கு எண்ணே இல்லை.

மூச்சைப் பிடிக்கும் முறையை ரேவதிக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். காற்று கசியாத துணியில் தைத்த பெரிய பை, தலையணை உறை மாதிரி இருக்கும். அதன் வாயில் திருகக்கூடிய ஒரு குழாய். சோதனைக்கு வருகிறவர் மூன்று மணி நேரமாக ஒன்றும் சாப்பிட்டிருக்கக் கூடாது. பத்து நிமிஷம் சும்மா உட்காரவைப்போம். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் ரப்பர் குழல் கொடுப்போம். உள்ளே இழுக்கும் காற்று வெளியிலிருந்து வரும், விடும் காற்று மட்டும் பைக்குப் போகும்படி நடுவில் ஒரு வால்வு. பையைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, உள்ளே இருக்கும் கடைசிக் காற்றையும் விரட்டிவிட்டுத்தான் பொருத்துவேன். ஆள் நடந்தோ மிதித்தோ ஐந்து நிமிஷம் ஆகி, மூச்சு ஒரு சீருக்கு வந்ததும் குழாயைத் திருப்புவேன். சரியாக இரண்டு நிமிஷம் கழித்து மூடுவேன். ஒரு வினாடி தவறினாலும் அத்தனையும் வீண். பிறகு பைக்காற்றில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, மீதியை மீட்டர் வழியாக அழுத்தி அளந்து, வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஈரத்துக்கும் கழிக்க வேண்டியதைக் கழித்தால், கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு எண். இந்த உடம்பு ஒரு நிமிஷத்துக்கு இவ்வளவு ஆக்ஸிஜன் எரித்தது. அதுதான் அதன் செலவு.

இந்தப் பையை வைத்துக்கொண்டு நான் முதன்முதலில் அதிர்ந்துபோனது ஒரு மாணவனை நடக்கவைத்தும் சைக்கிள் விடவைத்தும் அளந்த அன்றைக்கு. ஒரு கிலோமீட்டர் நடக்க அவனுக்குச் செலவான ஆக்ஸிஜன், சைக்கிளில் அவனை மூன்று கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய்விட்டது. பை கசிகிறது என்றுதான் நினைத்தேன். மூன்று தடவை எடுத்தேன். அப்படியேதான் வந்தது.

"கசிவு இல்லை, வசந்தா," என்றார் மேடம். "நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உன் உடம்பையே நீ தூக்கி இறக்குகிறாய். சைக்கிளில் உடம்பு உட்கார்ந்திருக்கிறது. கால் செய்கிற வேலை எல்லாம் முன்னே போவதற்கு."

அவருக்கு உற்சாகம் வந்தால் நிறுத்தாமல் பேசுவார். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கிற சக்தியைச் சாப்பாடாகச் சாப்பிட முடிந்தால், சமதரையாக இருந்தால், சைக்கிளில் புனே போய்த் திரும்பிவிடலாமாம். அதே ஒரு லிட்டரில் கார் மாதுங்காவிலிருந்து வாஷி போய்ச் சேருவதற்கே திணறும், ஏனென்றால் அது முக்கால்வாசி தன்னைத்தானே சுமந்துகொண்டு போகிறது. "லோக்கல் ரயிலை மட்டும் குறை சொல்லாதே," என்றார். "நீங்கள் தொங்கிக்கொண்டு போகிற போக்குக்குத் தலைக்குப் பங்கு போட்டால் அதுவும் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்."

அன்றிலிருந்து சாலையில் எந்த வண்டியைப் பார்த்தாலும், எதைச் சுமந்துகொண்டு எதை ஓட்டுகிறது என்று கணக்குப் போடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. வீட்டில் சிரிப்பார்கள்.

இனி சுடலைமுத்து அண்ணாச்சியைப் பற்றி.

தாராவியில் வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தொடும் வயது. விடிவதற்குள் மனைவி பேச்சியம்மாள் இட்லி அவித்துக் கொடுக்க, அதையும் சாம்பார், சட்னியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு செம்பூர் போய், ஆபீஸ்கள் இருக்கும் ஒரு தெருமுனையில் விற்பார். டி.பி. வந்து, மருந்தெல்லாம் முடித்து, குணமாகிவிட்டார். ஆனால் இடது நுரையீரலில் பாதி சுருங்கிவிட்டது. தொழிலுக்குத் திரும்பலாமா என்று பார்க்க நெஞ்சு டாக்டர் அவரை எங்கள் லேபுக்கு அனுப்பினார்.

நான்தான் சோதனை எடுத்தேன். நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள். ஒவ்வொரு நிமிஷமும் பளுவைக் கூட்டிக்கொண்டே போவோம், ஆள் முடியாமல் நிறுத்தும் வரைக்கும். அண்ணாச்சி சீக்கிரமே நிறுத்திவிட்டார். அவருடைய உச்ச சக்தி மிகக் குறைவு என்று ரிப்போர்ட் போயிற்று. 'சைக்கிள் கூடாது, மெதுவாக நடக்கலாம்' என்று நெஞ்சு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து அண்ணாச்சி லேப் வாசலில் வந்து நின்றார். முகம் கறுத்திருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு என்னை மிதிக்கச் சொன்னீங்கள்லா, அது எந்த ரோடு?"

எனக்குப் புரியவில்லை. "எந்த ரோடுன்னா?"

"நிமிசத்துக்கு நிமிசம் ஏறிக்கிட்டே போச்சே. அப்படி ஒரு ரோடு செம்பூருக்குக் கிடையாதும்மா. பன்னெண்டு வருசமா போறேன். சயான் பாலம் ஒண்ணுதான் ஏத்தம். மத்ததெல்லாம் தரை."

டாக்டர் சொன்னபடி சைக்கிளை விட்டுவிட்டு ரயிலில் போய்ப் பார்த்தாராம். தலைச்சுமையோடு சயான் ஸ்டேஷனுக்கு நடை, குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாறப் படிக்கட்டு. மூன்றாம் நாள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சுமையை யாரோ இறக்கி வைத்தார்களாம். "சைக்கிள்ல இந்த இளைப்பு வராதும்மா. எனக்குத் தெரியும். ஆனா எழுதிக் குடுக்க எனக்குத் தெரியாதுல்லா," என்றார்.

நான் அவரை அப்படியே மேடத்திடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சொன்னதை இந்தியில் சொன்னேன். மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு, பழைய ரிப்போர்ட்டை எடுத்து மறுபடியும் படித்தார்.

"அவர் சொல்வது சரி," என்றார் கடைசியில். "அவரால் எவ்வளவு முடியும் என்று அளந்தோம். செம்பூர் போக எவ்வளவு வேண்டும் என்று அளக்கவே இல்லை."

லேபுக்குள் இதை அளக்க முடியாது, சாலைக்குத்தான் போக வேண்டும். மேடம் நெஞ்சு டாக்டருக்குப் போன் செய்தார். ஒரு வாரத்தில் அனுமதி வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும். விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் அண்ணாச்சிக்கு உட்கார்ந்திருக்கும்போது ஆக்ஸிஜன் தொண்ணூற்றைந்து. தொண்ணூறுக்குக் கீழே போனால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

மாதுங்காவில் ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றியிருக்கும் சாலைதான் களம். சமதரை, காலையில் கூட்டமும் குறைவு. முதல் நாள் வெறுங்கையோடு நடக்கவைத்து அளந்தோம். இரண்டாம் நாள் தலையில் சுமையோடு. எதிர்பார்த்தபடியே செலவு கிடுகிடுவென்று ஏறியிருந்தது, பையை மூடியதுமே நிறுத்திவிட்டோம். மூன்றாம் நாள் அவருடைய சொந்த சைக்கிள். அலுமினிய டப்பாவிலும் சாம்பார் கேனிலும் அதே எடைக்குத் தண்ணீர் நிரப்பிக் கட்டியிருந்தோம். முதுகில் பை, மூக்கில் கிளிப், வாயில் குழல். காலை நடைக்கு வந்த மாமிகள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் கையைக் காட்டி நிறுத்தி, "யே க்யா ஹை?", இது என்ன என்று அண்ணாச்சியைக் கேட்டார். வாயில் குழலோடு அவரால் எப்படிப் பதில் சொல்ல முடியும்? "ஸான்ஸ் நாப் ரஹே ஹைன்," மூச்சை அளக்கிறோம் என்றேன் நான். அவர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

ஐந்து நிமிஷம் ஆனதும் நான் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். ஓடிக்கொண்டே அவர் முதுகுப் பையின் குழாயைத் திருப்பினேன். இரண்டு நிமிஷமும் ஸ்டாப் வாட்சைப் பார்த்தபடி பக்கத்திலேயே ஓடி, மூடினேன். ஓடி முடித்தபோது என் மூச்சு அவருடையதைவிட மோசம்.

ஆனால் அவர் மூச்சும் நன்றாக இல்லை. விரலில் கருவியை மாட்டினால் எண்பத்தாறு. மேடம் கையை உயர்த்தினார். சோதனை அங்கேயே நின்றது. பையை டாக்ஸியின் பின்சீட்டில் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் நான் உட்கார்ந்து, காற்று கசிந்து மாறுவதற்குள் லேபுக்குப் பறந்தேன். கணக்குப் போட்டால் தலைச்சுமைக்கும் சைக்கிளுக்கும் நிமிஷச் செலவு கிட்டத்தட்ட ஒன்றே.

அதே டாக்ஸியில் திரும்பிப் போய்ச் சொன்னேன். அண்ணாச்சி மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "நம் ரிப்போர்ட்தான் சரியோ என்னவோ," என்றார் மேடம் மெல்ல. அண்ணாச்சிக்கு அந்த இங்கிலீஷ் புரியவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது ஒரு கார் ஹார்ன் அடித்தது. சைக்கிள் வழியில் நின்றிருந்தது. ஓரமாகத் தள்ளப் போனேன். நகரவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன். ஈர மணலில் இழுப்பது மாதிரி அரைமனதோடு வந்தது. நாற்பது கிலோ சுமை இருக்கிறது, சரிதான். ஆனால் சக்கரம் உருள வேண்டாமா? குனிந்து பார்த்தேன். பின்டயர் தரையில் சப்பையாகப் படிந்து கிடந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், உள்ளே போயிற்று.

"அண்ணாச்சி, பஞ்சரா?"

"இல்லம்மா. நாந்தான் காத்தைக் கொறச்சு வச்சிருக்கேன்."

"ஏன்?"

"டைட்டா அடிச்சா பள்ளத்துல எறங்கி ஏறும்போது தூக்கிப் போடும். சாம்பார் துள்ளி வெளிய வந்துரும். இட்லி ஒண்ணுமேல ஒண்ணு நசுங்கிப்போவும். எப்பவும் இப்படித்தான் ஓட்டுதேன்."

நான் மேடத்தை இந்தியில் கத்திக் கூப்பிட்டேன். பதினாறு வருஷத்தில் அவரை நான் அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். அவர் வந்து, நோட்டுப் புத்தகத்தைக் கேரியர்மேல் வைத்துவிட்டு, தன் கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தார். நல்ல நுரையீரல் இருந்த காலத்தில் அண்ணாச்சி அந்த டயரின் இழுப்பையும் சேர்த்து மிதித்திருக்கிறார். தெரியவே இல்லை. இப்போது பாதி நுரையீரல். சாம்பார் சிந்தாமல் இருக்க அவர் மூச்சைச் சிந்திக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஃபிர் ஸே," என்றார் மேடம்.

காற்று அடிப்பது சுலபம். சாம்பார் துள்ளாமல் இருக்க வழி வேண்டுமே. அதைப் பேச்சியம்மாள் கண்டுபிடித்தாள். அடுத்த வாரம் அவளும் கூட வந்தாள். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, கேன் மூடிக்கு உள்ளே இறுக்கிப் போட்டிருந்தாள். இட்லிகளுக்கு நடுவே ஈரத்துணி அடுக்கு. இந்தத் தடவை தண்ணீர் வேண்டாம், நிஜ இட்லியும் நிஜ சாம்பாருமே இருக்கட்டும் என்று அவளேதான் சொன்னாள். "சிந்துதா இல்லையான்னு நானும் பாக்கணும்லா."

அந்த இரண்டு நிமிஷம் நான் ஓடினதுபோல வாழ்க்கையில் எதற்கும் ஓடினதில்லை. ஏனென்றால் அண்ணாச்சி போன தடவையைவிட வேகமாகப் போனார், அதுவும் மிதிக்காத மாதிரி மிதித்துக்கொண்டு. என் கை குழாயை எட்டிப் பிடிக்கவே பாடுபட்டது. நிறுத்தியதும் விரலில் மாட்டினோம். தொண்ணூற்று மூன்று. பேச்சியம்மாள் நேரே சைக்கிளுக்குப் போய்க் கேனைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். கையை விரித்துக் காட்டினாள். காய்ந்த கை.

டாக்ஸி, லேப், மீட்டர், கணக்கு. தாளை மேடத்திடம் நீட்டினேன். அவர் கவிழ்த்துவைத்து உள்ளங்கையை வைத்தார். நான் நினைத்ததைச் சொன்னேன். தலைச்சுமையில் முக்கால் பங்கு. தாளைத் திருப்பினார். வெறுங்கையோடு அவர் நடந்தபோது நிமிஷத்துக்கு என்ன செலவோ, அதற்கும் ஒரு இழை குறைவு. நாற்பது கிலோ சுமையோடு! அதே நிமிஷத்தில் கடந்த தூரமோ இரண்டரை மடங்கு. இன்னும் இரண்டு காலை எடுத்தோம். இரண்டும் அப்படியே வந்தன. பாலத்தையும் விடவில்லை. ஏறி மிதித்தால் செலவு எகிறியது, இறங்கி மெதுவாகத் தள்ளினால் தாங்கியது.

மேடம் நெஞ்சு டாக்டருக்குத் தன் கையாலேயே எழுதினார். தன் முந்தைய ரிப்போர்ட் ஒரு தப்பான கேள்விக்குச் சரியான பதில் என்றுதான் அந்தக் கடிதம் தொடங்கியது. ஒரு துறைத் தலைவர் அப்படி எழுதி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதற்கப்புறம் நெஞ்சு டாக்டர் வேறு பலரையும் அனுப்பத் தொடங்கினார். மூட்டை தூக்குகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர், மூன்றாம் மாடியில் குடியிருக்கும் தையல்காரர். என்ன வேலை, எந்த வழி என்று கேட்டுவிட்டுத்தான் பையைச் சுருட்டுவேன். ரிடையர் ஆகும் வரைக்கும் என் வேலை அதுவாகவே இருந்தது.

ஆனால் அன்றைக்கு நெஞ்சு டாக்டர் மேடத்தின் கடிதத்தை நின்றபடியே படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பாலத்தில் அவர் இறங்கித் தள்ளுவார் என்று யார் பார்ப்பது?"

"நான் பார்க்கிறேன் சார்," என்று சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி தொழிலுக்குத் திரும்பிய முதல் நாள் காலையில் சயான் பாலத்தின் கிழக்குப் பக்கம் போய் நின்றேன். கைப்பையில் விரல் கருவி. அண்ணாச்சி பாலத்தின் உச்சியில் தெரிந்தார். இறங்கித்தான் தள்ளிக்கொண்டு வந்தார். சரிவு முடிந்ததும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஏறி மிதித்தார். நான் ஒரு ஆட்டோவைப் பிடித்து, "அந்த சைக்கிளுக்குப் பின்னாலேயே போ," என்றேன். ஆட்டோக்காரன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

ஹைவே திரும்பும் இடத்தில் எல்லாம் நின்றுவிட்டது. லாரி, பஸ், கார், எல்லாம் உறுமிக்கொண்டே நின்றன. அண்ணாச்சி இடது ஓரமாக ஒரே சீராக மிதித்துக்கொண்டு போனார். வெள்ளைச் சட்டை கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகி மறைந்தது. நான் ஆட்டோவுக்குள் சீட் நுனியில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எந்த வண்டிக்கும் கணக்குப் போடத் தோன்றவில்லை. இளைப்பு வந்து வழியில் எங்காவது உட்கார்ந்திருப்பாரோ என்று இரண்டு பக்க நடைபாதையையும் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கும் இல்லை.

செம்பூர் தெருமுனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, டப்பாவைத் திறந்து, விற்கவே தொடங்கிவிட்டார். சுற்றி ஏழெட்டுப் பேர். நான் கூட்டத்தை விலக்கிப் போய் அவருடைய வலது கையைப் பிடித்து விரலில் கருவியை மாட்டினேன்.

"அசையாம நில்லுங்க அண்ணாச்சி. ஒரு நிமிஷம்."

"ஆளு நிக்காங்கம்மா."

"ஒரே நிமிஷம்."

எண் தடுமாறி, நின்றது. தொண்ணூற்று நாலு. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடியும் பார்த்தேன். அப்படியே இருந்தது.

வரிசையில் முதலில் நின்றவர் தட்டை நீட்டிக்கொண்டு, "அண்ணா, சட்னி," என்றார். அண்ணாச்சி மாட்டியிருந்த தன் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்தக் கைய நீங்க பிடிச்சு வச்சிருக்கீங்க," என்றார். "அப்ப சட்னிய நீங்கதாம்மா ஊத்தணும்."

இடது கையால் அவர் விரலைப் பிடித்தபடி, வலது கையால் கரண்டியை எடுத்து நான் ஊற்றினேன்.